உன் பிரஷ் எழுத்து, என் கணினியில்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுக்கொள். எனக்கு முழங்கால் வலி பழையபடிதான், ஆனால் உட்கார்ந்தே செய்கிற வேலை என்பதால் சமாளிக்க முடிகிறது.

அப்படி என்ன வேலை என்று கேட்டிருந்தாய். பள்ளியில் நாம் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையில் மூன்று இதழ்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. தலைப்பெல்லாம் நீ பிரஷ்ஷில் எழுதியவை. குண்டு குண்டாக, கொஞ்சம் சாய்ந்து, ஒன்று மேலே ஒன்று கீழே என்று துள்ளும் எழுத்துகள். அவற்றை வைத்து ஒரு எழுத்துரு வரைகிறேன். தலைப்புக்கு மட்டும்.

ஸ்கேன் செய்து ஓரங்களை வரைந்தால் போதும் என்றுதான் தொடங்கினேன். ஒரு நாள் 'பட்டம்' என்று தட்டிப் பார்த்தேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ட. இரண்டிலும் அடிக்கோடு ஒரே இடத்தில் வளைகிறது, முனையில் ஒரே பிசிறு. ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது போல இருந்தது. அம்மா, பள்ளி, எட்டு, கன்னம் என்று நம் மொழியில் மெய் இரட்டிக்காத வரி எங்கே இருக்கிறது? உன் பழைய தலைப்பு ஒன்றை எடுத்துப் பார்த்தேன், 'பட்டாம்பூச்சி'. முதல் ட் ஒடுங்கி நிற்கிறது. அடுத்த டா காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறது. நீ யோசித்துச் செய்திருக்க மாட்டாய், கை தானாகச் செய்தது. அதைத்தான் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. மெய் ஒவ்வொன்றுக்கும் மூன்று வடிவம் வரைந்து, முன்னால் அதே எழுத்து வந்திருந்தால் அடுத்ததற்கு வேறு வடிவத்தை எடு என்று எழுத்துருவுக்குள்ளேயே ஒரு கட்டளை, ஓப்பன்டைப் விதி என்பார்கள், எழுதி வைத்திருக்கிறேன். தட்டச்சு செய்கிறவருக்கு இது தெரியவே தெரியாது.

1989-ல் எரிக் வான் புளோக்லாந்து, ஜஸ்ட் வான் ராசம் என்று இரண்டு டச்சு எழுத்துரு வடிவமைப்பாளர்கள் பியோவுல்ஃப் என்று ஒரு எழுத்துரு செய்தார்கள். அச்சிடும்போது எழுத்தின் ஓரம் தன்னிச்சையாக நெளியும், அதனால் ஒரே எழுத்து இரண்டாம் முறை அதே மாதிரி வராது. அந்த அளவுக்கு நான் போகவில்லை. உன் கை நடுங்கும் கை அல்லவே, குதிக்கும் கை.

247 எழுத்தையும் வரைய வேண்டுமா என்று பயந்துவிடாதே. கா, கெ, கை எல்லாம் குறியைச் சேர்த்தால் வந்துவிடும். உகர, ஊகார வரிசைதான் உயிரை வாங்குகிறது. கு ஒரு பக்கம் போகிறது, சு இன்னொரு பக்கம், ணு வேறு மாதிரி. ஒவ்வொன்றையும் தனியாகத்தான் வரைய வேண்டும்.

எங்கே விளையாடலாம், எங்கே கூடாது என்பதில்தான் நிறைய நேரம் போனது. புள்ளியை எப்படி வேண்டுமானாலும் போடலாம், உருண்டையாக, துளியாக, கொஞ்சம் தள்ளிக்கூட. ஆனால் ர-வின் அடியில் இருக்கும் சாய்ந்த வாலில் கை வைக்கக் கூடாது. அழகுக்காக அதைக் குட்டையாக்கிப் பார்த்தேன், 'கரகம்' என்று தட்டியது 'காகம்' ஆகிவிட்டது! படிக்கிறவர் ஒரு நொடிகூடத் தடுக்கி விழக் கூடாது, விளையாட்டெல்லாம் அதற்கு உட்பட்டதுதான். அதேபோல மூன்று சுழி ண. பெரிதாக வைத்தால் கொள்ளை அழகு, சிறிதாக்கினால் சுழிகள் அடைத்துக்கொண்டு கறுப்புக் கட்டியாகிவிடுகிறது. அதனால்தான் தலைப்போடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன்.

காமிக் சான்ஸ் என்ற ஆங்கில எழுத்துருவை எல்லாரும் திட்டுவார்கள் இல்லையா, எனக்கு அது பாவமாகத்தான் தெரிகிறது. மைக்ரோசாப்ட் பாப் என்ற நிரலில் ஒரு கார்ட்டூன் நாய் பேசும். அதன் பேச்சுக் குமிழி டைம்ஸ் நியூ ரோமன் என்ற விறைப்பான எழுத்தில் இருந்ததைப் பார்த்துப் பொறுக்காமல்தான் வின்சென்ட் கொன்னேர் என்ற வடிவமைப்பாளர் 1994-ல் காமிக் சான்ஸை வரைந்தார். நாயின் பேச்சுக்கு அது சரியான எழுத்து. அதை எடுத்து எச்சரிக்கைப் பலகையிலும் இரங்கல் அறிவிப்பிலும் போட்டது நாம். நம் எழுத்துக்கு அப்படி ஒரு நிலை வரக் கூடாது. சிறுவர் கதை அட்டை, பிறந்தநாள் வாழ்த்து, சித்திரக்கதையில் பேச்சுக் குமிழி, பொம்மைப் பெட்டி, இங்கெல்லாம் தாராளமாகப் போகட்டும். நீ தொகுக்கிற கதைகளின் அட்டைக்கு முதலில் கொடுப்பேன். உள்ளே கதைக்கு மட்டும் அமைதியான எழுத்தாகப் போடு.

அப்புறம் ஒரு உதவி. மூன்று இதழிலும் ஔ ஒரு முறைகூட வரவில்லை. நானே வரைந்து பார்த்தேன், உன் கை மாதிரி வரவில்லை. 'ஒள' என்று இரண்டு எழுத்தாகப் பிரிந்து நிற்கிறது. கண் தெளிந்ததும், அவசரமில்லை, கெட்டித் தாளில் கறுப்பு மையில் நாலைந்து ஔ எழுதி அனுப்பு. ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எழுதாதே. சின்னதாக எழுதாதே, உள்ளங்கை அளவாவது இருக்கட்டும். மடிக்காமல் அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர் குழு