செவியால் நிரல் படித்த ஐயாவுக்கு நன்றி

அன்புடையீர்,

சென்ற வாரம், வட்டைக் கழற்றும்போது எங்கள் சேமிப்பு டிரைவர் (வட்டுகளைக் கையாளும் நிரல்) பிழை செய்து சர்வர்கள் நிலைகுலைந்ததை இதைப் படிக்கும் பலரும் அறிவீர்கள்; அந்தப் பாட்டை விரிவாக விவரிக்கப் போவதில்லை. நேற்று அதிகாலை 4 மணிக்குக் கடைசி சர்வரும் நிலைக்கு வந்தது. மனப் பதற்றம் இன்னும் முழுதாகத் தணியவில்லை என்றாலும், நன்றியைத் தள்ளிப்போட மனமில்லாமல் எழுதுகிறேன்.

அந்த டிரைவரை, லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலான கெர்னலின் 5.15 பதிப்பிலிருந்து 6.1 பதிப்புக்கு மாற்றும் வேலை என் பொறுப்பு. வட்டின் பெயரை எடுத்துத் தரும் ‘பிடெவ்நேம்’ என்ற பழைய துணைச் செயற்கூறு, 2022ஆம் ஆண்டிலேயே கெர்னலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. நீக்கியது சரியென்றே இன்றும் கருதுகிறேன். அழைக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஸ்டாக் எனும் தற்காலிக நினைவிடத்தில் 32 பைட் ஒதுக்கி, அதில் பெயரை எழுதி வாங்கி, பிறகு அச்சிடுவது சுற்றுவழி. சதவீதக்குறியோடு ‘பிஜி’ என்று எழுதிச் சாதனத்தின் சுட்டியை, அதாவது அதன் விவரம் நினைவகத்தில் இருக்கும் முகவரியை, கொடுத்தால், அச்சிடும் செயற்கூறே பெயரை எடுத்துக்கொள்ளும். ‘எஸ்டிஏ1’ போன்ற வட்டுப் பகுதியின் பெயரையும், எண்ணில் முடியும் வட்டுப் பெயருக்குப் பின் ‘பி’ சேர்த்து ‘என்விஎம்இ0என்1பி1’ என்பதையும் பிழையின்றி எழுதும். கெர்னலின் உட்புற இடைமுகங்கள் மாறாதிருக்கும் என்று யாரும் வாக்களித்ததில்லை. கெர்னலுக்கு வெளியே டிரைவர் வைத்திருக்கும் நாங்கள்தான் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். எங்கள் நிரலில் இருந்த 41 அழைப்புகளையும் ஒரே பிற்பகலில் நான் மாற்றி முடித்தேன். சோதனைகள் எல்லாம் தேறின. ஆனால் சர்வர்களில் வட்டைக் கழற்றியபோதுதான் சிக்கல் எழுந்தது; காரணம் எனக்குப் பிடிபடவில்லை.

வியாழன் இரவு பத்தரை மணிக்கு, வேறு வழி தெரியாமல், அந்த டிரைவரை முதன்முதலில் எழுதி ஓய்வுபெற்ற ஐயாவைத் தொலைபேசியில் அழைத்தேன். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், சிங்கப்பூரின் அங் மோ கியோவில் வசிப்பவர் என்று மட்டும் சொல்கிறேன். கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து அவருக்கு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தெரிந்திருந்தால் அழைத்திருக்கவே மாட்டேன். “எனக்கு எழுத்து இன்னும் தெளியவில்லை தம்பி, நீங்கள் படியுங்கள், நான் கேட்கிறேன்” என்றார். வீட்டில் பேரப்பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்ததால், அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்து கல்மேசையருகே உட்கார்ந்துகொண்டார். மின்தூக்கிக் கதவு திறந்து மூடும் ஓசை என் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

அரைப்புள்ளியைக்கூட விடாமல் ஒன்றரை மணி நேரம் படித்தேன். இடையிடையே “ம்” என்பார். சில வரிகளை மறுபடி படிக்கச் சொல்வார். வட்டைக் கழற்றும்போது ஓடும் பகுதிக்கு வந்ததும், “நிறுத்துங்கள் தம்பி. சாதனத்தை மூடும் வரி முதலில் வருகிறதா, பெயரை அச்சிடும் வரி முதலில் வருகிறதா?” என்று கேட்டார். மூடும் வரிதான் என்றேன். “அப்படியென்றால் யாரிடம் போய்ப் பெயர் கேட்கிறீர்கள்?”

எனக்குப் பேச்சு வரவில்லை. பழைய செயற்கூறு பெயரைப் பிரதியெடுத்து எங்கள் 32 பைட்டுக்குள் வைத்திருந்தது. சாதனம் போன பின்பும் அந்தப் பிரதி எங்களிடம் இருந்தது. நான் எழுதிய வரியோ, எல்லாம் முடிந்த பிறகு சாதனத்தையே தேடிப்போனது. வட்டு தன் இடத்தில் இருக்கும் வரை சாதனத்தின் விவரமும் நினைவகத்தில் இருக்கும், ஆகவே பிழை வெளியே தெரியாது. வட்டை உருவிவிட்டாலோ, விடுவிக்கப்பட்ட நினைவகத்தை அல்லவா தொடுகிறோம்! இப்படிப்பட்ட நினைவகப் பிழைகளைக் காட்டிக்கொடுக்கும் கேசான் சோதனையை இயக்கிக் கெர்னலை மறுபடி கட்டி, ஒரு வட்டை உருவிப் பார்த்தோம். ஐயா நிறுத்தச் சொன்ன அதே இடத்தைத்தான் அது காட்டியது. சாதனத்தை மூடுவதற்கு முன்பே, அதே ‘பிஜி’ குறியைக் கொண்டு பெயரை ஒரு சிறு இடத்தில் எழுதி வைத்துக்கொண்டதில் சிக்கல் தீர்ந்தது. நீக்கிய 41 இடங்களில் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் 32 பைட் திரும்பி வந்தது.

நள்ளிரவுக்குப் பின் சர்வர் அறையின் குளிரில் நின்று வட்டுகளைக் கழற்றி மாட்டிய சக ஊழியர்கள், சென்னையிலிருந்து இரவெல்லாம் சோதனை இயந்திரங்களைக் கவனித்த நண்பர், தேக்காவிலிருந்து இரண்டு இரவு சாப்பாடு கட்டிக் கொண்டுவந்த அக்கா, ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லாமல் காத்திருந்த வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் என் மனமார்ந்த நன்றி.

பயன்பாடு முடிந்த செயற்கூறுகளை இனியும் நீக்கத்தான் செய்வேன். பழையதைச் சுமந்துகொண்டிருப்பது நல்ல பராமரிப்பு ஆகாது. ஆனால் நீக்குமுன், அதை அழைக்கும் ஒவ்வோர் இடத்திலும் அது பிரதியைத் தருகிறதா, சுட்டியைத் தருகிறதா, அந்தப் பொருளை யார் எப்போது விடுவிக்கிறார்கள் என்று எழுதி வைக்காமல் ஒரு வரியிலும் கை வைக்க மாட்டேன். இதை உங்கள் எல்லார் முன்னிலையிலும் சொல்லி வைக்கிறேன்.

ஐயா, மாற்றத்தை உங்கள் கண்ணாலேயே ஒருமுறை பார்க்க வேண்டும் என்றீர்கள். பெரிய எழுத்தில் அச்சிட்டு வைத்திருக்கிறேன், நான்கு பக்கம் வந்திருக்கிறது. மருத்துவர் மூடியை எடுத்துவிட்டால் சொல்லுங்கள். ஞாயிறு காலை அந்தக் கல்மேசைக்கே கொண்டுவருகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் தம்பி