ஓவியப் போட்டியைக் கண்மாய்க் கரைக்குக் கொண்டு போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினத்தையொட்டி நம் மாவட்டத்தில் நடந்த ஓவியப் போட்டிகளின் படங்களைத் தங்கள் நாளிதழில் பார்த்தேன். பரிசு வாங்கிய பிள்ளைகள் தங்கள் ஓவியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த ஓவியங்களை ஒரு முறை உற்றுப் பாருங்கள். பாதி பச்சையாகவும் பாதி வெடித்துக் காய்ந்தும் கிடக்கிற பூமி உருண்டை. அதைத் தாங்கிப் பிடித்த இரண்டு கைகள். கோடாரி விழுந்த மரத்திலிருந்து வழிகிற ரத்தம். உருகும் பனிக்கட்டியின் மேல் ஒற்றை வெள்ளைக் கரடி. வரைந்த பிள்ளை எந்த ஊர் என்று சொல்ல அந்தத் தாள்களில் ஓர் அடையாளமும் இல்லை.

நான் அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இத்தகைய போட்டிகளுக்கு நடுவராகவும் போயிருக்கிறேன். இந்தப் படங்கள் எங்கிருந்து வருகின்றன என்பது எல்லா ஓவிய ஆசிரியர்களுக்கும் தெரியும். போட்டிக்கு முதல் நாள் ராத்திரி அப்பாவின் செல்போனில் தேடி, முதலில் வருகிற படத்தைப் பார்த்து இரண்டு தடவை போட்டுப் பழகிக்கொண்டு பிள்ளைகள் வருவார்கள். கை பழகியிருக்கும். கண் எதையும் பார்த்திருக்காது. வரைவதன் பெரும்பயனே ஒரு பொருளைப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் என்று நம்பி முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியவள் என்பதால், இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரான சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூருக்குப் பக்கத்தில்தான் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 38 ஹெக்டேர்தான். 1977இல் சரணாலயமாக அறிவித்தார்கள். பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் என, ஐப்பசி பிறந்தால் கொள்ளுக்குடிப்பட்டியின் பெயர் பத்திரிகைகளில் வந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் பெருகியதும் பறவைகள் வந்து இறங்கும். தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களில் கூடு கட்டும். தை, மாசியில் போனால் கூட்டுக்குக் கூடு குஞ்சுகள் கத்திக்கொண்டிருக்கும்.

வேலையில் இருந்தபோது ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போவது என் வழக்கம். ஆளுக்கு ஒரு பரீட்சை அட்டை, நாலைந்து வெள்ளைத் தாள், ஒரு 2பி பென்சில். கலர் கூடாது, ரப்பரும் கூடாது. முதல் கால் மணி நேரம் ஒருத்தரும் உருப்படியாக வரைய மாட்டார்கள். எதிரே இருக்கிற மரத்தைப் பார்க்காமலே மரம் போடுவார்கள். பறவை என்றால் 2 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி, அதற்கு வாலும் காலும் ஒட்டுவார்கள். நான் திருத்த மாட்டேன். "அந்தா அந்த உச்சிக் கிளையில நிக்குதுல்ல, அதோட மூக்கை மட்டும் போடுங்க" என்பேன்.

ஒரு வருஷம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நத்தைகுத்தி நாரையின் மூக்கைப் போட்டுவிட்டு, கோபத்தோடு என்னிடம் வந்தான். "டீச்சர், எத்தனை தடவை போட்டாலும் வாயை மூட முடியலை" என்றான். அந்த நாரையின் மேல் அலகும் கீழ் அலகும் அடியில் சேரும், நுனியில் சேரும், நடுவில் மட்டும் சந்து விட்டிருக்கும். கண்ணுக்குத் தெரிந்த சந்தைத் தன் கை செய்த தப்பு என்று நினைத்து, அதைத் திரும்பத் திரும்ப அடைக்கப் பார்த்திருக்கிறான். தாளில் அந்த இடம் மட்டும் கறுத்து நைந்து போயிருந்தது. வனத்துறைக் காவலரிடமிருந்து பைனாகுலரை வாங்கிக் கொடுத்தேன். பார்த்தான். "நெசமாவே மூடலை டீச்சர்!" என்று கத்தினான். பிள்ளைகள் எல்லாரும் ஓடி வந்து பைனாகுலருக்கு முண்டியடித்தார்கள். அடுத்து வாங்கிப் பார்த்த ஒரு பெண், "குஞ்சுக்குச் சந்து இல்லையே" என்றாள். அதுவும் சரி. குஞ்சுகளுக்கு அலகு ஒழுங்காக மூடும். வளர வளரத்தான் அந்த இடைவெளி உண்டாகும். வழுக்குகிற நத்தையைப் பிடித்துச் சதையை எடுத்துத் தின்பதற்கு வாகான மூக்கு அது.

அந்தப் பையன் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் நத்தையைப் பற்றிக் கேட்டிருக்கிறான். "எங்க காலத்துல வரப்பு ஓரமெல்லாம் கெடக்கும். இப்ப மருந்தடிக்கிற வயல்ல தேடித்தான் பாக்கணும்" என்று அவர் சொல்லியிருக்கிறார். மறுநாள் வகுப்பில் அவனே எழுந்து இதைச் சொன்னான். உணவுச் சங்கிலியை அவன் அறிவியல் பாடத்தில் முன்பே படித்திருந்தான், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தான். அது தன் வீட்டு வயலில் தொடங்குகிற சங்கிலி என்பது, ஒரு மூக்கை ஒழுங்காக வரைய முயன்றபோதுதான் அவனுக்கு உறைத்தது.

இயற்கை மேல் இளம்பிள்ளைகளுக்கு அக்கறை வர வேண்டும் என்று எல்லோரும் மேடையில் பேசுகிறோம். வாசகம் எழுதிய பதாகையைப் பிடித்து ஊர்வலம் போனதால் அது வந்து நான் பார்த்ததில்லை. அரை மணி நேரம் ஒன்றையே பார்த்து உட்கார்ந்து வரைந்த பிள்ளைக்கு அது தன்னுடையது என்று தோன்றிவிடுகிறது. இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். மஞ்சள் மூக்கு நாரை உச்சி வெயிலில் சிறகை விரித்து நின்று குஞ்சுகளுக்கு நிழல் கொடுப்பதை ஒரு பெண் வரைந்தாள். சிறகின் கோணம் சரியாக விழவில்லை. கால் இரண்டும் கிளையோடு ஒட்டவே இல்லை. போட்டிக்கு அனுப்பினால் ஆறுதல் பரிசுகூடக் கிடைக்காது. ஆனால் அந்தத் தாய்ப்பறவை மிரண்டு பறந்தால் குஞ்சு வெயிலில் வாடும் என்று அவளுக்குத் தெரியும். கரையில் கல்லெடுத்த பையனின் கையைப் பிடித்து நிறுத்தியவள் அவள்தான். நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

சரணாலயம் எல்லா ஊருக்கும் வாய்க்காது. கண்மாய் வாய்க்கும். தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று சுமார் 39 ஆயிரம் இருக்கின்றன. நம் சிவகங்கை, ராமநாதபுரம் சீமையில் கண்மாய் இல்லாத ஊரைத் தேடத்தான் வேண்டும். வேறொரு பள்ளியில் இருந்தபோது, அந்த ஊர்க் கண்மாயைப் பள்ளிச் சுற்றுச்சுவரில் பெரிய படமாக வரைந்தோம். சுண்ணாம்பு அடித்த சுவர், காவிப்பொடி, அடுப்புக்கரி, கொஞ்சம் நீலம், இவ்வளவுதான் செலவு. வரையும் முன் பிள்ளைகள் ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்துக்கொண்டு வர வேண்டும். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டு வரும் வரத்துக்கால் எந்தத் திசையிலிருந்து வருகிறது, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடை எத்தனை, நிறைந்த தண்ணீர் வழிந்து போகும் கலுங்கு எந்தப் பக்கம், மறுகால் பாய்ந்தால் தண்ணீர் அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போகும். தினமும் கலுங்கைத் தாண்டிப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகளில் பலருக்கு அதுதான் கலுங்கு என்று தெரியாமல் இருந்தது.

சுவரில் கோடு விழ ஆரம்பித்ததும் ஊர்க்காரர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். நூறு நாள் வேலை முடிந்து திரும்பிய அம்மாக்கள், "இந்த மடை இங்கன இல்லத்தா, அங்கிட்டு" என்று திருத்தினார்கள். ஒரு பெரியவர் வரத்துக்கால் கோட்டை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது பாதிதானய்யா, மீதிக் கால் எங்கே?" என்று கேட்டார். மீதி தூர்ந்து, அதன்மேல் கட்டடம் எழும்பிவிட்டது. அந்த இடத்தில் என்ன போடுவது என்று பிள்ளைகள் என்னைக் கேட்டார்கள். பழைய காலைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள் என்றேன். அந்தப் புள்ளிக்கோட்டைப் பற்றி ஊரில் பல மாதம் பேச்சு ஓடியது. ஆக்கிரமிப்பு அகன்றதா என்றால், இல்லை. ஆனால் அன்று அந்தக் கோட்டைப் போட்ட பிள்ளைகள் இப்போது வாக்காளர்கள். அவர்களில் சிலர் கிராம சபையில் எழுந்து வரத்துக்காலைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன்.

இதெல்லாம் நமக்குப் புதிதும் இல்லை. புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசலுக்குத் திருப்பத்தூரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம். பாண்டியர் காலத்தில், 9ஆம் நூற்றாண்டு வாக்கில், அங்கே அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரையின் விதானத்தில் ஒரு தாமரைக் குளத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். மொட்டும் மலருமாகத் தாமரை, இடையிடையே மீன்கள், அன்னங்கள், எருமை, யானை, பூப்பறிக்கிற மூன்று பேர். நிறைய இடங்களில் உதிர்ந்தும் மங்கியும் போய்விட்டது. இருக்கிற மிச்சமே போதும். அழைத்துப் போயிருந்தபோது பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "இதை வரைஞ்சவரு குளத்துக்குள்ள எறங்கியிருக்காரு டீச்சர்" என்றான் ஒருவன். ஓவிய ஆசிரியைக்கு இதைவிட என்ன வேண்டும்?

சரி, என் கோரிக்கைக்கு வருகிறேன். சுற்றுச்சூழல் ஓவியப் போட்டியை ஜூன் 5ஆம் தேதி நடத்துகிறார்கள். நம் பக்கம் அது கோடை முடிகிற நேரம். கண்மாயில் தண்ணீர் இருக்காது, பறவை இருக்காது, பள்ளி திறந்து சில நாள்தான் ஆகியிருக்கும், சில வருஷம் திறந்தே இருக்காது. பிள்ளைகள் அறைக்குள் உட்கார்ந்து வெள்ளைக் கரடி வரைவதற்கு இதுவும் ஒரு காரணம். பிப்ரவரி 2 உலக ஈரநில தினம். 1971இல் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் ஈரநிலங்களைக் காக்க ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அது. அந்த ஒப்பந்தத்தின்படி பட்டியலிடப்பட்ட ஈரநிலங்கள் இந்தியாவிலேயே தமிழ்நாட்டில்தான் அதிகம். 2025 பிப்ரவரியில் ராமநாதபுரம் மாவட்டத்துச் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்தபோது எண்ணிக்கை 20 ஆனது. அந்தத் தேதியில் கண்மாயில் தண்ணீர் கிடக்கும், பறவைகள் குஞ்சுகளோடு இருக்கும், வெயிலும் தாங்கும். போட்டியை அந்த நாளுக்கு மாற்றி, அவரவர் ஊர்க் கண்மாய்க் கரையில் நடத்துங்கள். கடலோரப் பள்ளிகள் கடற்கரையில் நடத்தட்டும், மலையில் இருப்பவர்கள் ஓடைக்கரையில் நடத்தட்டும். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் பொதுத்தேர்வு நெருக்கடியில் இருக்கும். ஆறு முதல் ஒன்பது வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தத் தடை இல்லை.

தண்ணீர் கிடக்கிற இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக ஆசிரியர்கள் பயப்படுவது நியாயம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்கள் இருக்கிறார்களே, அவர்களும் கூட வரட்டும். கரையில் உட்கார்ந்து வரைகிற பிள்ளையின் பக்கத்தில் அவனுடைய அப்பாவோ அம்மாவோ இருந்தால், பாதிக் கேள்விக்கு அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. பல அரசுப் பள்ளிகளில் ஓவியத்துக்கு நிரந்தர ஆசிரியரே இல்லை. ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 2012இல் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள், வாரத்துக்கு மூன்று அரைநாள் என்று. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடாத ஆண்டு இல்லை. 2022-23இலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது, மனதார வரவேற்கிறேன். திருவிழாவுக்கு முந்தைய வாரம் மட்டும் பயிற்சி கொடுத்தால் போதாது. வருஷம் முழுக்க வாரம் ஒரு பாடவேளையாவது பிள்ளையின் கையில் பென்சில் இருக்க வேண்டும், அந்தப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

வரைந்த படங்கள் தலைமையாசிரியர் அறை பீரோவுக்குப் போய்த் தூசி படியக் கூடாது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. பிப்ரவரியில் வரைந்த படங்களை அந்தக் கூட்டம் நடக்கிற இடத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். எந்த மடை உடைந்திருக்கிறது, எந்தக் கரையில் குப்பை கொட்டுகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் ஒளிக்காமல் வரைந்திருப்பார்கள். தீர்மானம் எழுதுகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு எழுதட்டும். மேடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஃபிளெக்ஸ் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

தங்கள் நாளிதழும் ஓர் உதவி செய்யலாம். பிப்ரவரி மாதம் முழுக்க நாளுக்கு ஒரு பிள்ளையின் கண்மாய்ப் படத்தை, கண்மாயின் பெயரோடும் ஊர்ப் பெயரோடும் வெளியிடுங்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று எதுவும் வேண்டாம். திருப்பத்தூர், சிங்கம்புணரி பக்கத்துப் பள்ளிகள் கூப்பிட்டால் பிள்ளைகளோடு கரைக்கு வர நான் தயார். பஸ் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன். பரீட்சை அட்டையும் பென்சிலும் பிள்ளைகள் கொண்டு வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்.