மாப்ள, ஆச்சியோட ஆடு களவு போயிருச்சு

மாப்ள,

நல்லா இருக்கியா, தங்கச்சி பிள்ளைக எல்லாம் சௌக்கியமா? இங்க மழை பரவால்ல, உளுந்து நல்லா வந்திருக்கு. விஷயம் என்னன்னா, நம்ம ஸ்கூல் வாசல்ல நவாப்பழம் விக்குமே காலனி ஆச்சி, அது ஆடு நாலு போன வாரம் ராத்திரி களவு போயிருச்சு.

2019-லயும் இதே ஆச்சிக்கு ரெண்டு ஆடு போச்சு, அப்ப நானும் கூடப் போனேன், காலையில போனவங்கள ஸ்டேஷன் வேப்பமரத்தடியில உக்கார வச்சு, பொழுது சாயுற நேரத்துல ரைட்டர் வந்து ஆடு மேஞ்ச எடம் எங்க லிமிட் இல்லன்னு அனுப்பிட்டாரு, புகார் வாங்குனதுக்குக் குடுக்குற சி.எஸ்.ஆர் ரசீது கூடத் தரல. திருட்டு மாதிரி கேஸுன்னா எஃப்.ஐ.ஆர் போட்டே ஆகணும்னு சுப்ரீம் கோர்ட் 2013-லயே சொன்னது எனக்கு அப்பத் தெரியல மாப்ள, தெரிஞ்சிருந்தா அந்த மனுசிய விட்டுக் குடுத்துருக்க மாட்டேன். பஸ்ல மடிய அவுத்து எனக்கும் சேத்து டிக்கெட்டுக்குக் காசு நீட்டுச்சு, இன்னும் கண்ணுலயே நிக்குது.

இந்தத் தடவ நம்மூருக்கு ரோந்து வர்ற பீட் ஏட்டு கொட்டிலுக்கே வந்துட்டாரு. ஆட்டுக்கு அடையாளத்துக்குப் போடுற காது அறுப்பு எப்பிடி ஆச்சின்னு கேட்டாரு. ஆச்சி தன் காதையே பிடிச்சு நுனியில ஒரு வெட்டு, அடியில ஒரு கீத்துன்னு காட்டுச்சு, அவரு நோட்டுல காது மாதிரியே படம் போட்டுக்கிட்டாரு. இப்ப 2024 ஜூலையில வந்த புதுச் சட்டத்துல எந்த ஸ்டேஷன் லிமிட்டா இருந்தாலும் புகார் வாங்கணும், எஃப்.ஐ.ஆர் காப்பி சும்மா குடுக்கணும், குடுத்தாரு, படிச்சும் காட்டுனாரு. சனிக்கிழமை விடியுமுன்ன எட்டயபுரம் சந்தையில போய் நின்னோம், அந்தக் காத வச்சே ஒரு கெடா கெடச்சுருச்சு, மிச்சம் மூணத் தேடிக்கிட்டு இருக்காங்க.

போலீசுக்கு ஒத்தாசையா நிக்கிற ஊர்ப் பயலுக அமைப்பு, அந்த ஃப்ரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்ல நாம இருந்தத நெனச்சுக்கிட்டேன். 1993-ல பக்கத்து ராமநாதபுரத்துல எஸ்.பி-யா இருந்த பிரதீப் பிலிப் ஆரம்பிச்சது, போலீசுக்கும் சனத்துக்கும் நடுவுல பயம் போகணும்னுதான் ஆரம்பிச்சாரு. ஆனா நம்மூர்ல சேந்தவன் பூராம் நம்ம தெருப் பயலுக, காலனியில ஒருத்தனக் கூட கூப்பிடலயே மாப்ள, கோயில் கொடைக்கு டார்ச்சும் கம்புமா நின்னப்ப அந்தப் பக்கத்துப் பிள்ளைக நம்மளப் பாத்து ஒதுங்கிப் போனது அப்ப நமக்குப் பெருமையா இருந்துச்சு, இப்ப நெனச்சா ரொம்ப வலிக்குது. 2020-ல சாத்தான்குளத்துல அப்பாவும் மகனும் செத்தப்புறம் அந்தப் பேரும் அடிபட்டு, ஜூலையில அரசாங்கமே தடை போட்டுருச்சு. சரின்னுதான் நான் சொல்லுவேன், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத பயலுக கையில அதிகாரத்தக் குடுக்கக் கூடாது.

இந்த ஏட்டு, ரோந்து வந்ததுக்குக் கையெழுத்து போடுற பட்டா புக்க நம்ம டீக்கடையில ஒண்ணு, காலனி கடையில ஒண்ணு வச்சுருக்காரு, ராத்திரி ரெண்டுலயும் கையெழுத்து போட்டுட்டுத்தான் போறாரு. காலனியில திண்ணையில உக்காந்து தண்ணி வாங்கிக் குடிக்காரு. போன கொடையில ரெண்டு தெரு பயலுகளுக்கும் வாய்ச்சண்ட ஆனப்ப ஸ்டேஷனுக்கு ஃபோன் போனது காலனியிலருந்துதான், முன்னாடியெல்லாம் அப்பிடிப் பண்ணுவாங்களா சொல்லு. இவர டிரான்ஸ்ஃபர் பண்ணிட்டா என்ன பண்ணன்னு இப்பவே கவலையா இருக்கு.

பொங்கலுக்கு வருவீல்ல, வரும்போது நல்ல சார்ஜ் டார்ச் ஒண்ணு வாங்கிட்டு வா. ஆச்சி ராத்திரி பூராம் கொட்டில் வாசல்லயே படுத்துருக்கு. நாம ரெண்டு பேரும் போய்க் குடுப்போம்.