வாய் காந்துற பிள்ளைக்கு சோறு எப்படி எறங்கும்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

டிசம்பர் 1ம் தேதிக்கு நம்ம பேப்பர்ல எச்ஐவி பத்தி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க, ரெண்டு தடவை படிச்சேன். 1986ல சென்னையிலதான் நம்ம நாட்டுல மொதல்ல கண்டுபிடிச்சாங்க, 2004ல இருந்து கூட்டு மருந்து ஃப்ரீயா குடுக்காங்கன்னு எல்லாம் சரியா இருந்துச்சு. கடைசில, மாத்திரைய ஒழுங்கா போட்டா பிள்ளைங்க மத்த பிள்ளைங்க மாதிரியே வளரும்னு முடிச்சிருந்தீங்க. அது பொய்யில்ல. ஆனா அந்த மாத்திரை எறங்க வேண்டிய வாயப் பத்தி ஒரு வரி கூட இல்லையே ஐயா, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

எங்க அண்ணன் மகன நான்தான் வளக்கேன். அண்ணனும் இல்ல, மதினியும் இல்ல. அவனுக்கு எச்ஐவி பொறப்புலயே வந்தது. பேரு ஊரு எழுத மாட்டேன், தாமிரபரணிக் கரையில ஏதோ ஒரு ஊருன்னு வச்சுக்கோங்க. இப்ப 11 வயசு.

அஞ்சு வயசுல என்கிட்ட வந்தப்பவே நாக்குலயும் உள்கன்னத்துலயும் இட்லி மாவு அப்புன மாதிரி வெள்ளையா இருந்துச்சு. பால் படிஞ்சிருக்குன்னு நெனச்சு ஈரத்துணிய விரல்ல சுத்தி தொடைச்சேன், வெள்ளை வந்துட்டு, அடியில தோல உரிச்ச மாதிரி செவசெவன்னு இருக்கு, லேசா ரத்தம் வேற, பய போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பாத்தாவ. எங்கம்மா சூடுன்னு சொல்லிட்டாவ. நம்ம பக்கம் வாய்ல என்ன வந்தாலும் சூடுதானே! மணத்தக்காளிக் கீரை, கொப்பரைத் தேங்கா, மாசிக்காய ஒரசி தேன்ல கொழச்சு தடவுறதுன்னு மூணு வாரம் ஓடிட்டு. அதுக்குள்ள தொண்டைக்குள்ளயும் எறங்கிட்டு, எச்சி முழுங்கவே அழுதான். ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரில டாக்டரம்மா டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, இது பூஞ்சைக் காளான், எதிர்ப்பு சக்தி கொறஞ்சா வாய்லதான் மொதல்ல காட்டும்னு சொல்லி எச்ஐவி டெஸ்ட் எடுக்குற நம்பிக்கை மையத்துக்கு எழுதிக் குடுத்தாவ. அப்படித்தான் எங்களுக்கே தெரிஞ்சது. வாய்தான் காட்டிக் குடுத்துச்சு.

காளான் மட்டும்னா பரவாயில்ல, வாய்க்கடை ரெண்டும் வெடிச்சுக்கிடும், உதட்டுல கொப்புளம் வரும், பல்லுக்கு மேல ஈறு செவப்புக் கோடு போட்ட மாதிரி நிக்கும், ஒரு சமயம் கன்னம் ரெண்டும் வீங்கி மாசக்கணக்கா அப்படியே கெடந்துச்சு, பொன்னுக்கு வீங்கின்னு ஊரே சொல்லிச்சு, பொன்னுக்கு வீங்கி மாசக்கணக்காவா இருக்கும்? இதெல்லாம் இந்த நோய் உள்ள பிள்ளைங்களுக்கு வரக்கூடியதுதான்னு பெறவு தெரிஞ்சுக்கிட்டேன்.

ஸ்கூல்ல என்ன ஆச்சுன்னா, மத்தியானம் சத்துணவு சாம்பார் பட்டா வாய் காந்துதுன்னு சோத்த காக்காவுக்கு போட்டிருக்கான், சார் அது தெரியாம, சோத்த வீணாக்குதான்னு கம்ப்ளைண்ட். வாய்க்கடை வெடிச்ச நேரத்துல எந்திரிச்சு பாடம் வாசிக்கச் சொன்னா உதட்ட அசைக்காம முணுமுணுப்பான், வாயத் தொறந்து படிலேன்னு அதட்டு. வாய் நாறுதுன்னு பக்கத்துல இருந்த பய எடம் மாறி உக்காந்துட்டான். நோய் என்னன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியாது. நோயால ஒதுக்கல, வாயாலதான் ஒதுக்குனாங்க. எச்சில்ல இது பரவாது, ஒரே டம்ளர்ல குடிச்சாலும் பரவாதுன்னு நான் யார்கிட்ட போய் சொல்ல, சொன்னா விஷயமே தெரிஞ்சுரும்லா.

சொதிய எரிப்பில்லாம வைக்கப் படிச்சுக்கிட்டேன், பச்சமிளகா கெடையாது, இஞ்சிச்சாறு கெடையாது, எலுமிச்சம்பழமும் கெடையாது, வெறும் தேங்காப்பாலும் பாசிப்பருப்பும் மசிஞ்ச உருளைக்கிழங்கும். மாப்பிள்ளை விருந்துக்கு வைக்கிறவங்க பாத்தா இது சொதியான்னு சிரிப்பாங்க. ஆறவச்சு ஊட்டுனா நாலு வாய் எறங்கும். சீசன்ல நுங்கு, அத மட்டும் கேட்டு வாங்கித் தின்பான். ஆனித் தேரோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயி சுடச்சுட அல்வா வாங்கிக் குடுத்தேன், வாய்ல வச்சவன் துப்பவும் முடியாம முழுங்கவும் முடியாம கண்ணுல தண்ணியோட என்னயவே பாத்துக்கிட்டு நின்னான்.

இதவிட பெரிய விஷயம் மாத்திரை. ஒரு நாள் ஜன்னல் கம்பிக்குப் பின்னால தூத்துப் பாத்தா நாலஞ்சு மாத்திரை பாதி கரைஞ்சு ஒட்டிக்கிட்டு கெடக்கு. வாய்ல அடக்கி வச்சு அங்க துப்பிருக்கான். அடிக்க கை ஓங்கிட்டேன், அவன் வாயத் தொறந்து காட்டுனான், நாக்கு ஓரம் பூரா புண்ணு. புண்ணு வந்தா மாத்திரை எறங்காது, மாத்திரை விட்டுப்போனா வைரஸ் ஏறும், ஏறுனா புண்ணு இன்னும் கூடும். அடுத்த மாசம் டாக்டரம்மா சொன்னாவ, மருந்து ஓடிட்டு இருக்கப்பவே நாக்குல திரும்ப வெள்ளை படிஞ்சா மருந்து சரியா உள்ள போகலையோன்னு சந்தேகப்படணும், தள்ளிப் போடாம கூட்டிட்டு வரணும்னு. வாய்ல தடவ மருந்தும் ஒரு வாரத்துக்கு மாத்திரையும் குடுத்தாவ, ரெண்டே நாள்ல சோறு கேட்டான்.

என் தப்பையும் சொல்லிருதேன். சின்னதுல சிரப் பயங்கர கசப்பு, குடிச்ச ஒடனே ஒரு சில்லு கருப்பட்டி குடுப்பேன், ராத்திரி அப்படியே தூங்கிருவான், கொப்புளிக்க வச்சதே இல்ல. சிரப்புலயே சர்க்கரை இருக்குன்னும் தெரியாது. முன்பல்லு நாலும் அரிச்சுப்போச்சு. பல்லு சொத்தைக்குன்னு ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன், ஒளிக்காம எச்ஐவி மருந்துக்குக் குடுக்குற ஏஆர்டி புக்க காட்டுனேன், பாத்ததும் இங்க அந்த வசதி இல்லம்மான்னு பையத் திருப்பிக் குடுத்துட்டாங்க. வசதி என்ன வசதி, யாருக்குப் பல்லு பிடுங்குனாலும் கருவிய சுத்தப்படுத்தித்தானே எடுக்கணும்? அடுத்த கிளினிக்ல நான் வாயே தொறக்கல. பண்ணது சரியில்லதான், மருந்தெல்லாம் சொல்லணும், ஆனா சொன்னா பல்லு அப்படியேல்லா இருக்கும்.

எச்ஐவி இருக்குன்னு வைத்தியம் மறுக்கக்கூடாதுன்னு 2017ல சட்டமே போட்டாச்சு, 2018 செப்டம்பர்ல இருந்து நடைமுறைல இருக்கு. 1097க்கு போன் போட்டா ஃப்ரீயா விவரம் சொல்லுதாங்க. எனக்கு இது ரெண்டும் அன்னைக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா அந்த ரிசப்ஷன்லயே உக்காந்திருப்பேன்.

அதனால ஐயா, அடுத்த வாட்டி உங்க கொழந்தைங்க பக்கத்துல வாய்ப்புண் பத்தி எழுதுனா மணத்தக்காளியோட நிறுத்தாதீங்க. கைப்பிள்ளைக்கு நாக்குல வெள்ளை வர்றது சகஜம், ஆனா வளந்த பிள்ளைக்கு திரும்பத் திரும்ப வந்தா, வாரக்கணக்குல போகாம கெடந்தா, டாக்டர்கிட்ட காட்டி என்ன காரணம்னு பாக்கச் சொல்லுங்க. தனிப்பட்ட ஒண்ணும் கேக்கேன், அந்த 1097ஐயும் 2017 சட்டத்தையும் பெரிய எழுத்துல கட்டம் கட்டிப் போடுங்க, கத்தரிச்சு பைக்குள்ள வச்சுக்கிடுதேன், அடுத்த மாசம் அவனுக்குக் கடவாப்பல்லு பாக்கணும்.

இப்படிக்கு,
பேர் வேண்டாம், ஒரு அத்தை,
திருநெல்வேலி மாவட்டம்.