மூப்பையும் ஒரு நோயாகப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

போன கிழமை உங்கள் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். மரணம் இயற்கை, அதை வெல்லப் பார்ப்பது ஆணவம், ஏற்றுக்கொள்ளப் பழகுவதுதான் பக்குவம் என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர் மேல் மரியாதை உண்டு, ஆனால் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மனிதனுக்கு இருக்கிற பிரச்சினைகளிலேயே பெரியது மரணம்தான். உலகத்தில் ஒரு நாளைக்கு ஒன்றரை இலட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள், அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மூப்போடு வருகிற வருத்தங்களால். இவ்வளவு பேரைக் கொண்டுபோகிற வேறு எதையாவது இயற்கை என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்போமா?

மலேரியாவும் இயற்கைதான். 1934-35இல் இந்தச் சின்ன இலங்கைத் தீவில் ஏறத்தாழ 80,000 பேரை அது கொண்டுபோனது, கேகாலை குருநாகல் பக்கத்தில் வீட்டுக்கு வீடு செத்த வீடு. விதி என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கும். நுளம்பைக் கொல்லுகிற டிடிடி மருந்து தெளித்தார்கள், ஊருக்கு ஊர் ஆஸ்பத்திரி கட்டினார்கள், 1946இல் ஆயிரம் பேருக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் அடுத்த வருடமே 14 ஆனது. 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்றிதழே கொடுத்தது. சாவை ஓரளவு தள்ளி வைத்துக் காட்டிய ஊர் இது, நாங்களே ஏன் இப்படிப் பேசவேண்டும்?

எனது அம்மாவைக் கூட்டிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளுக்குப் போகிறவள் நான். விடிய முதலே நம்பர் எடுக்க வரிசையில் நிற்கவேண்டும். வாங்கில் இருக்கிற வயதானவர்கள் எல்லாருடைய மடியிலும் மூலை மடிந்த கிளினிக் கொப்பி, சொப்பிங் பையில் சீனி வருத்தத்துக்கு ஒரு குளிசை, பிரஷருக்கு ஒன்று, கொலஸ்ரோலுக்கு ஒன்று. இருதயத்துக்கு ஒரு நாள், கண்ணுக்கு ஒரு நாள், எலும்புக்கு இன்னொரு நாள். வைத்தியர்களைக் குறை சொல்லவே மாட்டேன், அந்தச் சனக்கூட்டத்தில் அவர்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும். ஆனால் கூரை முழுக்க உக்கிப் போயிருக்க, ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் ஒவ்வொரு வாளி வைக்கிற மாதிரித்தான் இந்த வைத்தியம் எனக்குப் படுகிறது. மூப்பு என்கிற கூரையை யாரும் தொடுவதில்லை.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. முப்பது வயது தாண்டினால் ஏறக்குறைய எட்டு வருடத்துக்கு ஒரு தரம் சாகிற அபாயம் இரட்டிக்கிறது, கொம்பெர்ட்ஸ் என்கிற ஆங்கிலேயர் 1825இலேயே கண்டுபிடித்த விஷயம் இது. புற்றுநோயை முழுதாக ஒழித்தால்கூட சராசரி ஆயுள் மூன்று வருடம் போலத்தான் கூடும் என்று அமெரிக்காவில் கணக்குப் பார்த்திருக்கிறார்கள், ஏனென்றால் ஒன்று விட்டால் மற்றது வந்து பிடித்துக்கொள்ளும். மூப்பு எல்லா உயிருக்கும் ஒரே வேகத்தில் வருவதும் இல்லை. எங்களைப் போலப் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற வடதுருவத் திமிங்கில இனம் ஒன்று 200 வருடத்துக்கு மேலும் வாழக்கூடியது. 1993இல் அமெரிக்க விஞ்ஞானி சிந்தியா கென்யன் ஒரு சின்னப் புழுவில் ஒரேயொரு மரபணுவை மாற்றி அதன் ஆயுளை இரண்டு மடங்காக்கினார். 2006இல் ஜப்பானில் யமனாகா என்கிற விஞ்ஞானி, வளர்ந்த கலத்தைத் திரும்பக் கருவின் நிலைக்குக் கொண்டுபோகலாம் என்று எலியின் கலங்களில் காட்டினார், அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. மனிதனின் மூப்பைத் தடுக்கும் என்று நிரூபித்த மருந்து இன்றைக்கு ஒன்றும் கிடையாது, இளமை திரும்பும் என்று சொல்லி ஊசியும் பவுடரும் விற்கிறவர்களிடம் காசைக் கொட்டாதீர்கள். ஆனால் இந்தக் கதவு பூட்டியிருக்கவில்லை.

அம்மாவின் சீனி வருத்தக் குளிசை மெட்போமின். கொழும்பில் நிறைய வீடுகளில் அது இருக்கும். 2024இல் சீன விஞ்ஞானிகள் ஆண் குரங்குகளுக்கு 40 மாதம் அதைக் கொடுத்துப் பார்த்தபோது மூளை மூப்படைகிற வேகம் குறைந்திருந்தது. அதே குளிசையை 65 முதல் 79 வயது வரையான 3,000 பேருக்குக் கொடுத்துப் பார்க்கவேண்டும் என்று அமெரிக்காவில் நீர் பார்சிலாய் என்கிற வைத்தியர் பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். காசு சேரவில்லை. காப்புரிமை முடிந்த மலிவு மருந்து, அதில் எந்தக் கொம்பனிக்கும் இலாபம் இல்லை. அது வேலை செய்யாமலும் போகலாம், ஆனால் இலாபம் வராது என்பதற்காகப் பார்க்காமலே விடுவதை நினைத்தால் எனக்கு நித்திரை வராது.

இதைச் சொன்னால் கடவுளுக்கு விரோதம் என்கிறார்கள். எமன் வந்தபோது இலிங்கத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று நின்ற மார்க்கண்டேயரை நாங்கள் கும்பிடுகிறோம், அறுபதாம் கலியாணத்துக்கு கொழும்பிலிருந்து பிளேன் ஏறித் திருக்கடையூர் போகிறோம். உயிர் ஆசை பாவம் என்றால் இதெல்லாம் என்ன? சனத்தொகை பெருகிவிடும் என்கிறவர்களுக்கு, இலங்கையில் இப்போது பிறப்பு வருடா வருடம் குறைந்துகொண்டுதான் போகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2009இல் வன்னியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் மரணம் இயற்கை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. கொலைக்கு நீதி வேண்டும், அது வேறு விஷயம், அதையும் இதையும் நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் உயிர் ஒன்று போனால் போனதுதான் என்று எங்கள் சனத்துக்குத் தெரிகிற அளவுக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? அப்படியிருந்தும் எண்பது வயதில் தகப்பனைப் பறிகொடுத்தவளிடம் மட்டும், வயது போய்த்தானே, கிடந்து உத்தரிக்காமல் போனாரே, என்று சுலபமாகச் சொல்லிவிட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே போய் இருந்துவிடுகிறோம். அவளுக்கு அவர் இன்னும் பத்து வருடம் வேண்டும். அவருக்கும் வேண்டியிருந்திருக்கும்.

ஆகவே சுகாதார அமைச்சிடமும் எங்கள் மருத்துவ பீடங்களிடமும் கேட்கிறேன். இலவச வைத்தியம் இருக்கிறது, மாதாமாதம் தவறாமல் வருகிற வயதானவர்கள் இருக்கிறார்கள், குளிசை மலிவு. கொம்பனிகள் செய்யாத இந்தப் பரிசோதனையை, வயதானவர்களிடம் முறையாகச் சம்மதம் கேட்டு, மற்ற நாடுகளோடு சேர்ந்து கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் ஏன் செய்யக்கூடாது? இது பற்றி ஒரு முதியோர் வைத்தியரிடம் விபரமாகக் கேட்டு உங்கள் பத்திரிகையில் போட்டால் என்னைப் போல நிறையப் பேர் வாசிப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06