இடித்தும் நசுங்காத கார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கார் பந்தய வீடியோ கேம்கள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை எங்கள் பட்டறையில் எல்லாரும் வாசித்தோம். வெயிலில் பெயிண்ட் மினுங்குவது முதல் டயர் கிறீச்சிடுவது வரை அத்தனையும் அச்சு அசலாக வந்த பிறகும், வண்டி இடித்தால் மட்டும் ஏன் சரியாக நசுங்குவதில்லை என்று கேட்டுவிட்டு, கம்ப்யூட்டருக்கு இன்னும் அவ்வளவு திறன் வரவில்லை என்று பதிலையும் கட்டுரையாளரே சொல்லி முடித்துவிட்டார். அது பாதி உண்மை. கார் கம்பெனிகள் சம்பந்தப்பட்ட மறுபாதியை அவர் தொடவே இல்லை.

மதுரை வில்லாபுரத்தில் டிங்கரிங் பட்டறை வைத்திருப்பவன் நான். கேம் ஆடுவது என் அக்கா மகன். பக்கத்தில் உட்கார்ந்து, இடித்த வண்டி எங்கே மடங்குகிறது என்று பார்ப்பது என் வேலை. தொழில் புத்தி, விடாது.

'பீம்என்ஜி டிரைவ்' என்று ஒரு கேம். ஜெர்மனியில் பிரெமன் நகரத்துக் கம்பெனி செய்தது. 2013 முதல் ஆடுகிறார்கள். வண்டியின் உடம்பைப் புள்ளிகளாகவும், புள்ளிகளை இணைக்கும் கம்பிகளாகவும் கூடை முடைந்த மாதிரிப் பிரித்துவைத்து, எந்தக் கம்பி எவ்வளவு விசைக்கு வளையும், எப்போது அறுந்துபோகும் என்று நொடிக்கு 2000 தடவை கணக்குப் போடுகிறது. அன்றைக்கு மருமகன் ஒரு கம்பத்தில் வண்டியின் வலது ஓரத்தை விட்டான். பம்பர் போனது, பானெட் கூம்பியது, பானெட்டுக்கு அடியில் உள்ள ஏப்ரன் தகடு மடங்கியது, முன்சக்கரம் பின்னுக்கு வந்து கதவை முட்டியது. ரிவர்ஸ் எடுத்துக் கொஞ்ச தூரம் ஓட்டினான். ரேடியேட்டர் ஒழுகி, இன்ஜின் சூடாகி நின்றுவிட்டது. இப்படி ஒரு வண்டி என் பட்டறைக்கு வந்தால் என்னென்ன எஸ்டிமேட்டில் எழுதுவேனோ அத்தனையும் திரையில் இருந்தது. "என்ன மாமா, சரியா இருக்கா?" என்றான். நூற்றுக்கு நூறு.

ஆனால் அந்த வண்டிகளின் பெயரைப் பாருங்கள்: கேவ்ரில், இபிஷு, இடிகே. உலகத்தில் எந்த ஊரிலும் இந்தப் பெயர்களில் ஷோரூம் கிடையாது. பின்லாந்துக்காரர்கள் 2018-ல் முழுமையாக வெளியிட்ட 'ரெக்ஃபெஸ்ட்'டும் அப்படித்தான். 2004-ல் வந்த 'பர்ன்அவுட் 3'-ல் இடிப்பதுதான் ஆட்டமே, அதிலும் கற்பனை வண்டிகள். மனம்போல நசுக்கும் கேம்கள் பெரும்பாலும் சொந்தமாகப் பெயர் வைத்துக்கொள்வது தற்செயல் இல்லை.

நிஜ காரின் பெயர், முத்திரை, உருவம் எல்லாம் கம்பெனியின் சொத்து. கேமில் வைக்க உரிமம் வாங்க வேண்டும், எதுவரை உடைத்துக் காட்டலாம் என்று அதில் நிபந்தனைகள் இருக்கும். நிஜ கார்களே ஓடும், 1997-ல் தொடங்கிய 'கிரான் டூரிஸ்மோ' வரிசையில் வண்டியின் உடம்பு நசுங்கிக் காட்டியது 2010-ல் வந்த ஐந்தாம் பாகத்தில்தான். அதற்காக எல்லாரும் ஒரேயடியாக மறுக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. 2005-ல் வந்த 'ஃபோர்ஸா' முதல் பாகத்திலேயே நிஜ கம்பெனி வண்டிகள் அடிபட்டன. 2008-ன் 'கிரிட்'டில் பாகங்கள் கழன்று பறந்தன. கம்பெனிக்குக் கம்பெனி கண்டிப்பு மாறும். பொதுவாகப் பம்பர் விழலாம், பானெட் மடங்கலாம், கண்ணாடி நொறுங்கலாம். ஆள் உட்காரும் இடம், அதாவது கூரையும் அதைத் தாங்கும் தூணான பில்லரும், உள்ளே அமுங்கக் கூடாது. கேம் செய்பவர்களே பல பேட்டிகளில் சொன்ன விஷயம் இது.

உரிமத்துக்கு எவ்வளவு பலம் என்பதற்குப் போர்ஷே கதை போதும். அந்த உரிமம் ஒரே ஒரு கேம் கம்பெனியின் கையில் பல வருடம் இருந்ததால், 'கிரான் டூரிஸ்மோ'வில் போர்ஷே 2017-ல்தான் நுழைந்தது. அதுவரை ரூஃப் என்ற சிறிய ஜெர்மன் கம்பெனி போர்ஷே உடம்பை வைத்துச் செய்த கார்களைக் காட்டிச் சமாளித்தார்கள்.

கட்டுரையாளர் சொன்ன திறன் குறை பொய்யில்லை. பீம்என்ஜியில் நாலைந்து வண்டியை ஒன்றாக இறக்கினால் மருமகனின் கம்ப்யூட்டர் திணறுகிறது. ஆனால் ஒரே ஒரு வண்டி ஓடும் கேமிலும் பில்லர் அசையாமல் நின்றால், அதற்குக் கம்ப்யூட்டரைக் குறை சொல்லி என்ன பயன்?

இதை ஒரு டிங்கர் எதற்குத் தூக்கிக்கொண்டு வருகிறான் என்று கேட்பீர்கள். நசுங்காத வண்டிதான் நல்ல வண்டி என்ற நினைப்பு நம் ஊரில் இன்னும் போகவில்லை. "அண்ணே, பழைய அம்பாசடர் இடிச்சா சுவருதாண்ணே போகும், இதென்ன தகரம்" என்று சொல்லாத கஸ்டமர் அபூர்வம். 2009-ல் அமெரிக்காவில் இன்சூரன்ஸ் கம்பெனிகளின் ஆய்வு நிறுவனம் 1959-ன் செவர்லே பெல் ஏரையும் 2009-ன் செவர்லே மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டது. பழைய வண்டியில் பில்லர் மடங்கி டிரைவர் இடமே இல்லாமல் போனது. புதியதில் முன்பக்கம் அப்பளமானது, உள்ளே இடம் அப்படியே நின்றது. முன்பக்கம் அடியைத் தின்ன வேண்டும், நடுக்கூடு நிற்க வேண்டும் என்பது மெர்சிடிஸ் பொறியாளர் பேலா பரேனியின் யோசனை. 1959-லேயே அவர்கள் காரில் வந்துவிட்டது. பட்டறையில் வண்டி வந்ததும் நான் பானெட்டைப் பார்ப்பதற்கு முன்னால் கதவைத்தான் திறந்து மூடுவேன். உரசாமல் மூடினால் பில்லர் இடத்தில் இருக்கிறது, உள்ளே இருந்தவர் பெரும்பாலும் பிழைத்திருப்பார்.

அப்படியானால் கேமில் கூடு நிற்பது சரிதானே என்று மருமகனே மடக்கினான். வண்டியை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் நம் பாரத் என்கேப் சோதனையில் முன்பக்க மோதல் 64 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறது. ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டியும் அந்த வேகத்துக்குத்தான் சோதிக்கப்பட்டது. கேமில் 200-ல் சுவரில் விட்டாலும் கூரை சாயவில்லை, அடுத்த வளைவில் வண்டி மறுபடி பந்தயத்தில். அதை ஆடிவிட்டு ராத்திரி நத்தம் சாலை மேம்பாலத்தில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் சிக்னலே இல்லாமல் ஓட்டப் போகிறவனும் இங்கேதான் இருக்கிறான். கேம் ஆடுகிறவன் எல்லாம் அப்படி ஓட்டுவான் என்று சொல்லவில்லை. என் மருமகன் ரிங் ரோட்டில் அறுபதைத் தாண்டமாட்டான், பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே சலித்துப்போவான்.

நசுங்கிய வண்டியில் தங்கள் முத்திரை தெரிந்தால் பெயர் கெடும் என்று கம்பெனிகள் பயப்படுவது எனக்குப் புரியவே இல்லை. நட்சத்திரம் வாங்கியதும் முகம் சப்பிப்போன வண்டியின் வீடியோவைப் பெருமையாக விளம்பரத்தில் ஓட்டுவது அவர்களேதானே.

உங்கள் இணைப்பில் அடுத்து ஒரு கார் கேமுக்கு விமர்சனம் வந்தால், அதில் வண்டி எதுவரை உடைகிறது, நிஜ கம்பெனி வண்டியா கற்பனை வண்டியா என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கட்டுரையாளருக்கு நேரம் இருந்தால் நம் நாட்டுக் கார் கம்பெனிகளிடமும் கேட்கட்டும்: கேமுக்கு வண்டி கொடுப்பதாக இருந்தால் எதை உடைக்கச் சம்மதிப்பீர்கள், எதற்கு மறுப்பீர்கள் என்று. பதில் வந்தால் அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
டிங்கரிங் பட்டறை வாசகன்,
வில்லாபுரம், மதுரை.