கொழிஞ்சாம்பாறை சித்திரக்கதை வாசகர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, பிள்ளைகளை மன்றத்துக்கு அனுப்பிவைக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஜூன் முதல் இந்த மே வரை மன்றம் செய்த வேலைகளை இங்கே சொல்கிறோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பிள்ளைகளைப் படிக்கவைப்பது எப்படி, படித்ததைச் சேர்த்துப் பாதுகாக்கச் செய்வது எப்படி என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே இந்த ஆண்டு வேலைகள் நடந்தன.

மன்றத்து நூல்கள் படிப்புப் பெட்டி என்றும் காப்புப் பெட்டி என்றும் பிரிக்கப்பட்டன. ஆண்டின் முக்கியமான வேலை என்று இதைத்தான் சொல்ல வேண்டும். இரட்டைப் பிரதிகள், மறுபதிப்புகள், அட்டை போனவை, ஓரம் கிழிந்தவை எல்லாம் படிப்புப் பெட்டிக்குப் போயின. ஒரே பிரதி மட்டும் உள்ள பழைய இதழ்கள், குறிப்பாகச் செய்தித்தாள் காகிதத்தில் அச்சான முத்து, லயன், ராணி காமிக்ஸ் இதழ்கள், காப்புப் பெட்டிக்குப் போயின. "பாத்துத் தொடு, கிழிச்சுப்போடாதே" என்று சொல்லிக் கொடுக்கிற புத்தகத்தை எந்தப் பிள்ளையும் மனம் ஒன்றிப் படிக்காது. படிப்புப் பெட்டிப் புத்தகம் கசங்கலாம், எண்ணெய்க் கை படலாம். கசங்கிய புத்தகம் படிக்கப்பட்ட புத்தகம் என்பதே மன்றத்தின் கருத்து.

நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்த சித்திரக்கதைகளுக்கு முதுகு கிடையாது. அலமாரியில் வரிசையாக நிறுத்தினால் எது என்ன புத்தகம் என்றே தெரியாது. அதனால் படிப்புப் பெட்டி நூல்கள், அட்டைப்படம் முன்னால் தெரியும்படி, பிள்ளைகளின் இடுப்பு உயரத்தில் ஆழமில்லாத பிளாஸ்டிக் தட்டுகளில் சாய்த்து வைக்கப்படுகின்றன. ஒரு நேரத்தில் முப்பது புத்தகத்துக்கு மேல் வெளியே வைப்பதில்லை. கூடினால் பிள்ளைகள் புரட்டிக்கொண்டே இருப்பார்கள், எதையும் எடுத்து உட்கார மாட்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பாதியை மாற்றுகிறோம்.

சனிக்கிழமை வாசிப்பு

புதிதாக வரும் பிள்ளையிடம் முதல் நாள் எழுத்தைப் படிக்கச் சொல்வதில்லை. கட்டங்கள் எந்த வரிசையில் போகின்றன என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்கிறோம். பெரியவர்களுக்கு இது தானாக வந்துவிட்டதால், பிள்ளைக்கும் வரும் என்று நினைத்துவிடுகிறார்கள். இடப்பக்கம் ஒரு நெட்டைக் கட்டம், வலப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சிறிய கட்டங்கள் உள்ள பக்கத்தில்தான் சிக்கல் வரும். நெட்டைக் கட்டத்தின் மேல்பாதியைப் பார்த்துவிட்டுப் பிள்ளை வலப்பக்கம் தாவும். பிறகு மீண்டும் நெட்டைக் கட்டத்தின் கீழ்ப்பாதிக்கு வரும். கதை குழம்பும், "புரியலை" என்று புத்தகத்தை மூடிவிடும். ஒரு கட்டத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகப் பழக்கினால் இது தீர்ந்துவிடும். பேச்சுக் குமிழிகளுக்கும் ஒழுங்கு உண்டு: மேலே இருப்பது முதலில், ஒரே உயரத்தில் இருந்தால் இடப்பக்கத்துக் குமிழி முதலில். வால் நீண்ட குமிழி பேச்சு, சிறு வட்டங்களாக இறங்கும் குமிழி நினைப்பு, முள்முள்ளான ஓரம் கத்தல், சதுரப் பெட்டி கதை சொல்பவரின் குரல். இவற்றைச் சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு பக்கம் போதும்.

அடுத்தது பங்கு பிரித்து வாசித்தல். ஆளுக்கொரு பாத்திரம், சதுரப் பெட்டிக்கு ஒருவர், சத்தங்களுக்கு ஒருவர். எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைக்குச் சத்தப் பங்கைக் கொடுக்கிறோம். 'டமால்', 'தட்', 'க்ரீச்' எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும், இரண்டு மூன்று எழுத்துக்குள் முடிந்துவிடும். தன் முறை எப்போது வரும் என்று மற்றவர் வாசிப்பதைக் கண்ணால் பின்தொடர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதால், அந்தப் பிள்ளை உண்மையில் முழுக் கதையையும் படிக்கிறது.

கதையை மன்றத்திலேயே முடிப்பதில்லை. வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் நிறுத்துகிறோம். பக்கத்தைப் புரட்டினால்தான் விடை தெரியும் என்றபடி ஓவியர்கள் திகிலை அங்கேதான் வைப்பது வழக்கம். அந்த இடத்தில் நிறுத்தினால் பிள்ளை புத்தகத்தைக் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போகும். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டில் படித்து முடித்ததும் "என்ன நீதி?" என்று கேட்க வேண்டாம். கேட்டால் அது பாடப்புத்தகம் ஆகிவிடும்.

இரண்டு மொழிப் பிள்ளைகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள நம் சிற்றூர் வட்டத்தில் வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் மலையாளம் படிக்கும் பிள்ளைகள் ஏராளம். மலையாளச் சிறுவர் இதழான 'பாலரமா'வைத் தடையின்றிப் படிக்கும் பிள்ளைகள் தமிழ்ப் புத்தகத்தைக் கண்டால் தயங்குவார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று சொல்வது தவறு. எழுத்து மட்டுமே பழக்கமில்லை. எகர, ஏகார, ஐகாரக் குறிகளை எழுத்துக்கு முன்னால் போடும் வழக்கம் இரண்டு மொழிக்கும் பொது என்பதால் அது பிள்ளைகளுக்குச் சிரமமே இல்லை. தடுமாற்றம் வேறு இடத்தில்: மலையாளத்தில் ക, ഖ, ഗ, ഘ (ka, kha, ga, gha) என்று நான்கு எழுத்தாக நிற்கும் ஒலிகளுக்குத் தமிழில் ஒரே 'க'. எந்த ஒலி என்று பிள்ளை திகைக்கும். சித்திரக்கதை இதற்கு நல்ல மருந்து. குமிழிக்குள் இருப்பது வீட்டில் கேட்ட பேச்சு. படத்தில் நிற்பது யார், என்ன நடக்கிறது என்பதும் தெரியும். வாய் தானாகச் சரியான ஒலிக்குப் போய்விடும். சத்தச் சொற்களில் மட்டும் இந்த உதவி கிடைக்காது. 'பூம்' (boom) என்ற வெடிச்சத்தத்தைப் 'பூ' என்ற சொல்லின் ஒலியில் வாசிப்பார்கள். அங்கே பெரியவர் ஒரு முறை சத்தம் போட்டுக் காட்ட வேண்டும்.

மலையாள இதழ்களை விலக்கச் சொல்லும் யோசனை செயற்குழுவில் வந்தது, ஏற்கப்படவில்லை. 'பாலரமா'வில் வரும் லுட்டாப்பியை விரும்பும் பிள்ளை சித்திரக்கதை வாசகர் ஆகிவிட்டது; நாம் செய்ய வேண்டியது அதன் பக்கத்தில் ஒரு தமிழ்ப் புத்தகத்தை வைப்பது மட்டுமே.

வயதுக்கேற்ற தேர்வில் கடைப்பிடித்த முறை இது: ஐந்து முதல் ஏழு வயதுக்குச் சொல்லில்லாத படக்கதைகள், ஒரு பக்கச் சிரிப்புக் கதைகள், எட்டு வயதுக்கு மேல் லக்கி லுக் போன்ற கார்ட்டூன் வரிசைகள், அமர் சித்திரக் கதை, பன்னிரண்டுக்கு மேல் டெக்ஸ் வில்லர் போன்ற கௌபாய்க் கதைகள், துப்பறியும் கதைகள். அதற்கும் மூத்தவர்களுக்கான கிராஃபிக் நாவல்கள் தனித் தட்டில் உள்ளன. பெரியவர்கள் நெகிழ்ந்து நினைவுகூரும் எழுபதுகளின் கதைகளைப் பிள்ளைக்கு முதல் புத்தகமாகக் கொடுப்பது பெரும்பாலும் பலிப்பதில்லை. கறுப்பு வெள்ளை, பொடி எழுத்து, குமிழி நிறைய வசனம். வண்ணப் புத்தகங்கள் இரண்டைப் படித்த பிறகு கொடுத்தால் அதே பிள்ளை விரும்பிப் படிக்கும்.

பட்டியலும் சேகரிப்பும்

சேகரிப்பு என்றால் விலை உயர்ந்த பழம்பிரதி என்ற எண்ணத்தைப் பிள்ளைகள் மனத்தில் ஏற்றக் கூடாது. ஒரு வரிசையைத் தேர்ந்தெடு, எது இருக்கிறது எது இல்லை என்று எழுது என்பதுதான் தொடக்கம். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுத்திருக்கிறோம். பத்திகள்: இதழ் எண், தலைப்பு, நாயகர், மாதமும் ஆண்டும், அட்டையில் அச்சான விலை, பக்கங்கள், நிலை, யாரிடம் கிடைத்தது. 'நிலை' என்பதை நல்லது, சுமார், பழுது என்று மூன்றாகவே வைத்திருக்கிறோம். பத்துப் படிகள் வைத்தால் பிள்ளைகள் சண்டை போடுவார்கள்.

நாயகர் பத்தியில் 'மாயாவி' என்று மட்டும் எழுதினால் போதாது. முத்து காமிக்ஸ் 1972-இல் தொடங்கியபோது முதல் இதழில் வந்த இரும்புக்கை மாயாவி ஒருவர். மின்சாரம் பாய்ந்தால் கை மட்டும் தெரிய, உடல் மறைந்துபோகும் பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகர். ராணி காமிக்ஸில் வந்த முகமூடி வீரர் மாயாவி, அமெரிக்க காமிக்ஸ் நாயகரான வேதாளர் (Phantom). நம் ஊர்ப் பிள்ளைகளுக்கோ அந்தப் பெயரைக் கேட்டதும் 'பாலரமா'வின் குட்டிச் சாத்தான்தான் நினைவுக்கு வரும். முழுப் பெயரையும் வெளியீட்டையும் சேர்த்து எழுதச் சொல்கிறோம். வெளியீடுகள் தொடங்கிய ஆண்டும் தெரிந்திருக்க வேண்டும்: அம்புலிமாமா 1947, அமர் சித்திரக் கதை 1967, முத்து 1972, லயனும் ராணியும் 1984, ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றுவிட்டது. சிவகாசியிலிருந்து வரும் முத்துவும் லயனும் இன்றும் வருகின்றன. பெட்டிக்கடையில் கிடைக்காது, சந்தா கட்டியோ புத்தகக் கண்காட்சியிலோ வாங்க வேண்டும்.

பழைய இதழ்களுக்குக் கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளே நமக்குப் பக்கம். வாங்குமுன் நடுப்பக்கத்தைத் திறந்து பின் துருவேறியிருக்கிறதா என்று பாருங்கள். பக்க எண்களை எண்ணுங்கள். நடுத்தாள் விழுந்த பிரதிகள் அதிகம். அட்டை அசலா என்று சந்தேகம் வந்தால் கைலென்ஸால் பாருங்கள். அச்சு இயந்திரத்தில் ஓடிய அட்டையில் வண்ணப் புள்ளிகள் ஒழுங்கான வடிவில் தெரியும். மடிப்பில் வண்ணம் காகிதத்தோடு தேய்ந்திருக்கும். லேசர் நகலில் மை மேலே படிந்து பளபளக்கும், மடிப்பில் செதிலாக உதிரும். உள் பக்கங்கள் பழுத்திருக்க, அட்டையின் உள்புறம் வெள்ளையாக இருந்தாலும் சந்தேகப்படலாம்.

மாற்றிக்கொள்வதில் ஒரே விதி: புத்தகத்துக்குப் புத்தகம். பணம் கூடாது. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் மாற்றும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

காப்புப் பெட்டி

நம் வட்டத்தின் கிழக்குப் பகுதி மழைநிழல் நிலம். மழையில்லாத மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று காகிதத்தை உலர்த்தி நொறுங்கவைக்கும். ஜூனில் ஈரக்காற்று வரும். கறுப்பு மண்ணில் கறையானும் உண்டு. மூன்றையும் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

செய்தித்தாள் காகிதத்தில் மரக்கூழின் லிக்னின் அப்படியே இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுத்து அமிலமாகும். அதை நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம். ஒவ்வோர் இதழும் பாலிபுரப்பிலீன் உறையில் போடப்பட்டது. உறை புத்தகத்தைவிட அகலத்தில் அரை அங்குலம், உயரத்தில் இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் எடுக்கும்போது மூலை மடங்கும். பிவிசி உறை கூடவே கூடாது. வெயிலில் வியர்த்து அட்டை மையோடு ஒட்டிக்கொள்ளும், அமிலமும் கசியும். உறையின் வாயை செலோடேப்பால் ஒட்டாமல் மடித்து வைக்கிறோம். புத்தகங்களைப் படுக்கவைத்துப் பத்துக்கு மேல் அடுக்குவதில்லை. பெட்டி தரையிலிருந்து ஓரடி உயரத்தில், சுவரைத் தொடாமல் இருக்கிறது.

ஈரப்பதமானி 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். மழை மாதங்களில் ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வைக்கிறோம். பச்சையானதும் 110–120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மீண்டும் பயன்படும்; சமையல் பாத்திரத்தில் சூடாக்க வேண்டாம். நீல நிறத்தது நச்சுள்ளது. பிள்ளைகள் புழங்கும் இடத்துக்கு ஆகாது.

வெளியிலிருந்து வரும் எந்தப் பழைய புத்தகமும் நேரே பெட்டிக்குள் போகாது. வெள்ளிப்பூச்சி முட்டை எளிதில் கண்ணில் படாது. இரண்டு பிளாஸ்டிக் பைகளில் காற்றுப் போகாமல் கட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் ஒரு நாள் முழுதும் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் நீராகப் படியும்.

வண்ணப் புத்தகங்கள் ஆர்ட் பேப்பரில் வருவதால் வேறு ஆபத்து உண்டு. நனைந்து காய்ந்தால் பக்கங்கள் பலகைபோல ஒட்டிவிடும்; பிறகு பிரிக்கவே முடியாது. நனைந்த உடனே, ஈரமாக இருக்கும்போதே, பக்கத்துக்கொரு பட்டர் பேப்பர் வைத்து விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் நெளிந்துவிடும்.

பழுது பார்ப்பது படிப்புப் பெட்டிக்கு மட்டும். செலோடேப் சில ஆண்டுகளில் பழுப்புக் கறையாகி எழுத்தைத் தின்றுவிடும். ஒரு தேக்கரண்டி மைதாவுக்கு ஆறு தேக்கரண்டி நீர் விட்டுக் கண்ணாடிபோல ஆகும்வரை காய்ச்சி வடிகட்டிய பசையும், ஜப்பானிய டிஷ்யூத் தாளும் போதும். தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழிக்க வேண்டும். நார் நீட்டிக்கொண்டிருக்கும் ஓரம்தான் நன்றாகப் பிடிக்கும். ஒட்டியபின் இருபுறமும் பட்டர் பேப்பர் வைத்து ஒரு நாள் பாரம் ஏற்ற வேண்டும். துருவேறிய பின்னை நடுப்பக்கத்தில் கால்களை நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே துளைகளில் வெள்ளைப் பருத்தி நூலால் தைத்து உட்புறம் முடிச்சிடலாம். பைண்டிங்குக்குக் கொடுத்தால் ஓரத்தைச் சீவி, குமிழியின் கடைசி எழுத்துகளையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள். அட்டையில் மன்ற முத்திரை குத்துவதையும் நிறுத்திவிட்டோம். உறைக்குள் ஒரு சீட்டு வைத்தால் போதும்.

பிள்ளைகளின் புத்தகம்

கோடை விடுமுறையில் எட்டுப் பக்கச் சிறு புத்தகப் பயிற்சி நடந்தது. ஏ4 தாளை நீளவாக்கில் ஒரு முறையும் குறுக்கே இரண்டு முறையும் மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் வரும். குறுக்கே பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்டம் வரை வெட்டி, விரித்து நீளவாக்கில் மடித்து இரு முனைகளையும் உள்ளே தள்ளினால் புத்தகம் ஆகிவிடும். நகல் இயந்திரம் ஓரத்தை விட்டுவிடும் என்பதால் சுற்றிலும் ஐந்து மில்லிமீட்டர் வெற்றிடம் வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் குமிழியை முதலில் வரைந்துவிட்டுப் பிறகு எழுத்தைத் திணிப்பார்கள். தமிழ்ச் சொல் நீளமானது, இடம் போதாது. பென்சிலால் கோடிட்டு வசனத்தை முதலில் எழுதி, பிறகு அதைச் சுற்றிக் குமிழி வரைய வேண்டும். ஒரு குமிழிக்கு எட்டுச் சொல் அளவு. வசனத்தைத் தங்கள் வீட்டுப் பேச்சிலேயே எழுதச் சொன்னோம். "ஏனுங்", "வந்துபோட்டு" என்று வந்ததை யாரும் திருத்தவில்லை.

வரும் ஆண்டுக்கு

ஜூன் 19 வாசிப்பு நாளை ஒட்டிய வாரத்தில், பிள்ளைகள் செய்த சிறு புத்தகங்களைப் பஞ்சாயத்து நூலகத்தில் காட்சிக்கு வைக்க அனுமதி கேட்டிருக்கிறோம். ஜூலையில் கோவைக் கொடிசியா புத்தகக் கண்காட்சிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேன் வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் தன் நோட்டில் இல்லாத இதழ்களை எழுதிக்கொண்டு வர வேண்டும். பட்டியல் இல்லாமல் போனால் அட்டையைப் பார்த்து ஏற்கெனவே உள்ளதையே வாங்கிவிடுவார்கள். காப்புப் பெட்டிக்கு இரும்பு அலமாரி ஒன்று தேவை. வேளந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துப் பிள்ளைகள் சனிக்கிழமை மாலைப் பேருந்தைப் பிடிக்கச் சிரமப்படுவதால், மாதத்தில் ஒரு சனிக்கிழமை படிப்புப் பெட்டியை அங்கே கொண்டுபோகலாம் என்ற தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இரட்டைப் பிரதிகளைக் கொடுத்துதவிய உறுப்பினர்களுக்கும், சனிக்கிழமைதோறும் இடம் தந்தவர்களுக்கும் நன்றி.

இப்படிக்கு,
செயலாளர்